வீட்டுக்காரம்மாவும் கரண்டு கணப்பும்

சாயங்காலம் வெயில் இறங்கியதும் எங்கள் வீட்டுக்காரம்மா முதுகுக்குச் சுவர் தேடிப் புறப்படுவாள். ஆம்பூரில் அவள் வீட்டின் பின்பகுதியில்தான் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தோம். அந்தத் தெருவில் எந்தச் சுவர் மேற்குப் பார்த்தது, எது கருங்கல், எது செங்கல், எது பொழுது சாய்ந்த பிறகும் வெகுநேரம் சூடு விடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பகலெல்லாம் வெயில் குடித்த சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். சுவர் யாருடையது என்பது அவளுக்குப் பொருட்டே இல்லை. வக்கீல் வீட்டுச் சுவரிலும் நிற்பாள், கள்ளுக்கடைச் சுவரிலும் நிற்பாள். எல்லாவற்றிலும் உசத்தி, மூலையில் இருந்த பாய் ரொட்டிக்கடையின் அடுப்புச் சுவர். அங்கே நிற்கும்போது மட்டும் அவள் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருக்கும்.

"சூடு இருக்குதே, அது சம்பந்தி மாதிரி. வந்த ஒடனே கெளம்பப் பாக்கும். புடிச்சு ஒக்கார வைக்கணும்," என்பாள்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இது பைத்தியக்காரப் பேச்சு. அங்கே சூட்டை யாரும் பிடித்து உட்காரவைக்க வேண்டியதில்லை, அதுவே வந்து மடியில் உட்காரும். சித்திரையில் சுற்றிலும் மலைகள் தோசைக்கல்லாகக் காய, நடுவில் நாங்கள் மாவாகக் கிடப்போம். அந்த மாதத்தில்கூட அவள் தோளில் ஒரு பழைய சால்வை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால் ஜனங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிற பெஞ்சாகப் பார்த்து நடுவில் நுழைந்து உட்காருவாள். பக்தியில் அல்ல, கதகதப்புக்கு. ரயிலில் காலியான இடம் நாலு இருந்தாலும், யாராவது அப்போதுதான் எழுந்து போன இடம் எது என்று பார்த்துத்தான் உட்காருவாளாம்.

நாங்கள் குடி வந்த மறுநாள் காலை, என் மனைவி சோறு வடித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வந்து பார்த்தால் அடுப்பின் மேல் முன்பின் தெரியாத ஒரு செம்புத் தவலை. திருடன் எடுத்துக்கொண்டு போவான், வைத்துவிட்டுப் போவானா என்று அவள் என்னைக் கூப்பிட்டாள். நான் உடனே வாசலுக்கு ஓடினேன். எது நடந்தாலும் முதலில் வாசலுக்கு ஓடுவது என் சுபாவம். அங்கே போய் என்ன செய்வது என்பதை ஓடும்போது யோசித்துக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை. இதுவரை யோசனை வந்ததில்லை.

முன் பகுதியில் இருந்த வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா தம்பி ஓட்டம்? தவலை என்னுதுதான். உங்க அடுப்புல தணல் சும்மா கெடந்து சாவுது. காஞ்ச ஒடனே எடுத்துக்கறேன்."

அன்று தொடங்கி எங்கள் அடுப்பு எங்களுக்குச் சொந்தமில்லை. தணலில் அவள் தவலை, சாம்பலில் அவள் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, அடுப்புமேடையின் ஓரத்தில் அவள் ஈர ரவிக்கை. என் மனைவிக்கு முதலில் கோபம். அப்புறம் கிழங்கில் பாதி வர ஆரம்பித்ததும் கோபம் ஆறிவிட்டது.

அவளைப் பற்றித் தெருவில் ஒரு கதை உலவியது. புருஷன் அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்தவர். ஒரு தடவை ஜுரத்தில் கொதித்துக் கிடந்தபோது, பால் சட்டியில் உறை ஊற்றி அவர் முதுகுக்குப் பின்னால் அண்டக் கொடுத்து வைத்தாளாம், தயிர் கட்டியாக உறைந்ததாம். நான் நம்பவில்லை. ஒருநாள் துணிந்து அவளிடமே கேட்டுவிட்டேன்.

"யார் சொன்னது?" என்றாள்.

"தெருவுல பேசிக்கறாங்க."

"தெருவுல ஒண்ணியும் ஒழுங்காப் பேச மாட்டாங்க. தயிர் இல்ல, இட்லி மாவு."

"அவருக்கு?"

"அவருக்கும் சரியாப் போச்சு. மாவும் நல்லாப் பொங்கிச்சு."

எங்கள் தெருவுக்குக் கரண்டு வந்தபோது எல்லோரும் வெளிச்சத்தைப் பார்த்தோம். அவள் பல்புக்குக் கீழே கையை நீட்டி, "சுடுதே, இந்தச் சூடு யாருக்கு?" என்று கேட்டாள். கம்பி இழுக்க வந்தவன், அது யாருக்கும் இல்லை, சும்மா வருவது என்றான். அவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மழைக்காலம் வந்ததும் பல்பைச் சுற்றித் தீப்பெட்டிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டாள், நமுத்துப் போகாமல் இருப்பதற்காக. அதை நான் பார்த்த அன்று வாசலுக்கு ஓடவில்லை, தெருக்கோடி வரைக்கும் ஓடினேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தேன். வீடு எரியவில்லை. அவள் வாசலில் நின்று, "போனதுதான் போனே, அப்பிடியே வெத்தலை வாங்கினு வா," என்றாள்.

இப்படி இருந்த காலத்தில்தான், ஒரு மார்கழி மாதம், எங்களுக்குக் குழந்தை பிறந்தது. தலைச்சன் பிரசவத்துக்கு என் மனைவி கலவை ஊரில் இருந்த தாய் வீட்டுக்குப் போக நாள் பார்த்து வைத்திருந்தோம். குழந்தை நாள் பார்க்கவில்லை. எட்டாம் மாதமே வந்துவிட்டது. பெண். நான் தோல் பதனிடும் டேனரியில் குமாஸ்தா. தினமும் எத்தனையோ தோலைப் பார்க்கிறவன். அப்படி ஒரு மெல்லிய தோலை நான் பார்த்ததில்லை. உள்ளே ஓடுகிற நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது.

லேடி டாக்டர் வந்து பார்த்தாள். துணியைச் சுற்றிக்கொண்டே தணிந்த குரலில் சொன்னாள்: "மருந்து ஒண்ணும் இல்லை. பாலும் சூடும்தான். உடம்பு சில்லுன்னு ஆகவே கூடாது. புகையும் ஆகாது. ஒரு மாசம் தாண்டிட்டா பயமில்லை."

தாண்டாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் தைரியம் இல்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூரில் மார்கழிக் குளிர் என்றால் மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். எனக்கும் அதுவரை அது தலையில் துண்டு கட்டிக்கொள்கிற சமாச்சாரம்தான். அந்த வருஷம் அது என் வீட்டு ஓட்டு இடுக்கு ஒவ்வொன்றிலும் நுழைவதை நான் கண்ணால் பார்த்தேன். சேதி கேட்டுக் கலவையிலிருந்து மாமியார் வந்து இறங்கினாள். வந்ததும் ஒரு சட்டியில் கரி போட்டு மூட்டி அறைக்குள் கொண்டுபோனாள். கொஞ்ச நேரத்தில் குழந்தை இருமியது. இருமல் என்று சொல்ல முடியாது, ஒரு சின்னத் திக்கல். சட்டியைத் தூக்கிக்கொண்டு நான் கொல்லைக்கு ஓடினேன். சட்டி சுடும் என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

புகையில்லாத சூடு வேண்டும். கரண்டில் குளிர்காயும் யந்திரம் ஒன்று இருக்கிறது, துரைமார் பங்களாக்களில் வைத்திருக்கிறார்கள் என்று டேனரியில் சொன்னார்கள். மறுநாளே ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கடைத்தெருவுக்குப் போனேன். கரண்டு சாமான் கடைக்காரர் மூன்று கணப்புகளை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, செம்புக் கிண்ணத்தைச் சாய்த்து வைத்து நடுவில் கம்பிச் சுருள் சுற்றியது. இன்னொன்று இரட்டைத் தண்டு வைத்தது. மூன்றாவது குட்டி பீரோ.

"சின்னது கரண்டு கம்மியாக் குடிக்கும் சார். செலவு மிச்சம்," என்றார்.

நான் தலையாட்டினேன்.

"பெரிசு சீக்கிரம் ரூமைச் சூடாக்கிடும். சீக்கிரம் அணைச்சிடலாம். அதுலயும் மிச்சம்."

அதற்கும் தலையாட்டினேன்.

"நடுவுல இருக்கறது ரெண்டு விதத்துலயும் மிச்சம்."

எதை எடுத்தாலும் மிச்சம். ஒன்றும் வாங்காமல் இத்தனை நாள் வீட்டில் இருந்தவன்தான் நஷ்டப்பட்டவன் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. புரியாத விஷயத்துக்குத் தலையாட்டுவதில் நான் ஜில்லாவிலேயே பேர் வாங்கியவன். பயந்தவன் எப்போதும் பெரியதைத்தான் வாங்குவான். குட்டி பீரோவை வாங்கினேன். கடைக்காரர் சந்தோஷத்தில் ஒரு யோசனையும் இலவசமாகத் தந்தார்: "ரூமுல ஒரு ஓட்டை இருக்கக் கூடாது சார். காத்து பூந்துதுன்னா அத்தனை சூடும் வெளியே போயிடும்."

ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். எதிரே இருந்த ஆள் என்னவென்று கேட்டான். குளிர்காயும் யந்திரம் என்றேன். எந்த ஊருக்கு என்றான். சொன்னேன். அவன் பக்கத்து ஆளிடம் சொல்ல, அவன் அடுத்தவனிடம் சொல்ல, ஆம்பூர் வருவதற்குள் வண்டியில் அந்தப் பெட்டி முழுக்க எனக்குச் சிநேகமாகிவிட்டது.

கம்பி வேலைக்காரன் வந்து பார்த்தான். விளக்கு லைனில் இதைச் சொருகினால் தெருவே இருட்டாகிவிடும் என்றான். அடுப்புக்கு என்று தனி லைன், தனி மீட்டர் வைத்தால் கரண்டு விலையும் கம்மி, ஆனால் வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். அதுதான் எனக்குப் பெரிய பயம். வாய்க்குள் நாலு தடவை ஒத்திகை பார்த்துக்கொண்டு வீட்டுக்காரம்மாவிடம் போனேன். அவள் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பீரோவைச் சுற்றி ஒருதரம் வந்தாள்.

"யாருக்குக் குளுருது?"

"குழந்தைக்குத்தான்."

"கொழந்தை எம்மாம் பெரிசு கீது?"

நான் கையால் காட்டினேன்.

"அதுக்கு இம்மாம் பெரிய அடுப்பா?"

"ரூமைச் சூடாக்கணும்மா."

"ரூமு வந்து உங்கிட்ட குளுருதுன்னு சொல்லிச்சா?"

ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். நான் அவள் கேள்வியை விட்டுவிட்டுக் கடைக்காரர் யோசனையைப் பிடித்துக்கொண்டேன். ஓட்டையை அடைக்க வேண்டும். கோணி கட்டலாம், பாய் கட்டலாம், பழம்புடவை கட்டலாம். டேனரி குமாஸ்தாவுக்கு அதெல்லாம் தோன்றுமா. கிடங்கில் தரம் குறைந்தது என்று ஒதுக்கிப் போட்ட ஆட்டுத்தோல்கள் ஒரு கட்டுக் கிடந்தன. காற்றுப் புகாது, தண்ணீர் புகாது, ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமானவை. எங்கள் சரக்கின் மேல் எனக்கு அப்படி ஒரு கர்வம். மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்து, ஜன்னல், கதவு இடுக்கு, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்து எல்லாவற்றிலும் ஆணியடித்தேன். லைன் வந்தது. மீட்டர் சுற்றியது. பீரோ சூடாகத் தொடங்கியது.

தோலுக்குப் பதம் போடும்போது எண்ணெய் தடவுவார்கள் என்பது எனக்குத் தெரியும். சூடு பட்டால் எண்ணெய் கசியும் என்பதும் தெரியும். இரண்டும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்திருந்தன.

மாலைக்குள் சுவர் வியர்த்தது. கசிந்த எண்ணெய் கோடு கோடாக இறங்கியது. பட்டை வாடையும் எண்ணெய் வாடையும் சேர்ந்து, டேனரியில் இருபது வருஷம் இருந்த மேஸ்திரியே மூக்கைப் பொத்துகிற மாதிரி ஒரு நெடி. ஜன்னலுக்கு வெளியே ஏதோ மூச்சு விடும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தேன். தெருநாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, பந்திக்கு இலை போடக் காத்திருக்கிற மாதிரி.

கட்டிலில் கிடந்த என் மனைவி முந்தானையால் குழந்தையின் முகத்தை மறைத்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க ஆபீஸ்லேர்ந்து வந்தா குளிச்சிட்டுதான் என் கிட்ட வரணும்னு சொல்வேன். இப்ப ஆபீஸே வந்து படுத்துக்கினு கீது."

மாமியார் நேரடியாக என்னிடம் பேசமாட்டாள், மாப்பிள்ளை மரியாதை. சுவரைப் பார்த்துப் பேசினாள். "மாப்ள நல்லதுக்குத்தான் செஞ்சாரு. பிள்ள பொழச்சா செருப்புக் கடை வைக்கலாம்."

அப்போதுதான் வீட்டுக்காரம்மா உள்ளே வந்தாள். நெடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராகப் போய்க் குழந்தையின் காலைத் தொட்டாள். அப்புறம் தலையை அண்ணாந்து பார்த்தாள். மேலே பரணில், எங்கள் தெருப் பூனை நாலு காலையும் நீட்டி, மல்லாந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக் கொண்டிருந்தது. அப்படி ஒரு சுகத்தை நான் எந்த ஜமீன்தாரிடமும் பார்த்ததில்லை.

"பாத்தியா தம்பி. கொழந்தை கால் சில்லுனு கீது. ஒன் கரண்டுல பூனை காயுது."

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. தோல் எல்லாம் கழன்றது. நாய்களுக்குத்தான் ஏமாற்றம். மறுநாள் நான் பீரோவோடு திரும்ப வேலூருக்குப் போய், அதைக் கொடுத்துவிட்டுச் செம்புக் கிண்ணத்தை வாங்கி வந்தேன். கடைக்காரர் சண்டை போடுவார் என்று வழியெல்லாம் பதில் தயாரித்துக்கொண்டு போனேன். அவர், "நான்தான் சொன்னேனே சார், சின்னதுல மிச்சம்," என்றார். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்காரம்மா கட்டிலை மூலைக்கு நகர்த்தி, இரண்டு கோரைப்பாயைச் சுற்றி நிற்கவைத்து, மேலே ஒரு ஜமக்காளத்தைப் போட்டு, அறைக்குள் ஒரு சின்ன அறை கட்டினாள். பாய் படாத தூரத்தில் கிண்ணத்தை வைத்து, அதன் முகத்தைக் குழந்தை பக்கமாகத் திருப்பினாள். உள்ளே கையை விட்டால் கோழி அடைகாத்த கூடை மாதிரி இருந்தது. மீட்டரும் நடை பழகுகிற குழந்தைபோல மெதுவாகத்தான் போயிற்று. அவள் வேளைக்கு ஒருமுறை வந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பாள், புறங்கையால். அவள் போனதும் ஜமக்காளத்துக்குக் கீழே அவளுடைய தீப்பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொள்வேன்.

குழந்தை பால் குடித்தது. நான் இரண்டு நாள் ஓடவில்லை. எனக்கே கால் வலித்தது.

பிறகு ஒருநாள் காலையில் கரண்டு நின்றது. நன்றாக விடிந்துவிட்டது, ஆனால் பனி இன்னும் தெருவை விட்டுப் போகவில்லை. எதிர்வீடு தெரியவில்லை. கிண்ணத்தின் சிவப்பு மங்கி, கறுத்து, டிக் டிக் என்று குளிர்ந்தது. ஜமக்காளத்துக்குள் சூடு கொஞ்ச நேரம் தங்கியது. கொஞ்ச நேரம்தான். என் மனைவி குழந்தையை எடுத்து அணைத்துக்கொண்டாள். ரத்தம் நிறையப் போன உடம்பு, அவள் கையும் காலுமே சில்லென்று இருந்தன. "இது அழவே மாட்டேங்குதுங்க," என்றாள். பால் கொடுத்துப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. நகக்கண்ணில் நீலம் தெரிந்தது.

நான் ஓடினேன்.

முதலில் கரண்டு ஆபீசுக்கு. அங்கே ஒரு கிழவர் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார். எப்போது வரும் என்றேன். வரும்போது வரும் என்றார். அங்கிருந்து லேடி டாக்டர் வீட்டுக்கு. அவள் இன்னொரு பிரசவத்துக்குப் போயிருந்தாள். அங்கிருந்து ரொட்டிக்கடைக்கு. அடுப்புக்குள்ளிருந்து சூடான செங்கல் ஒன்று கேட்கலாம் என்றுதான் போனேன். பாய் என் முகத்தைப் பார்த்து, "இன்னா வேணும்?" என்றார். எனக்குச் செங்கல் என்ற வார்த்தை வரவில்லை. தட்டில் அப்போதுதான் எடுத்த ரொட்டிகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. கையைக் காட்டினேன். கொடுத்தார். குழந்தைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைக்கலாம். ரொட்டி இரண்டையும் பனியன் மேல் கட்டிப் பிடித்துக்கொண்டு, பனியில், செருப்பில்லாமல் ஓடினேன். அந்த நேரத்தில் அது எனக்கு மிகவும் புத்திசாலித்தனமான யோசனையாகத் தோன்றியது.

வாசலில் வீட்டுக்காரம்மா வழியை மறித்து நின்றாள்.

"இன்னாது?"

"ரொட்டி. சூடா இருக்கு. குழந்தைக்கு."

அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ரொட்டியைத் தொட்டாள். அப்புறம் ரொட்டி இருந்த இடத்தில், என் நெஞ்சில், கையை வைத்தாள். ஐயோ, அந்தக் கை. கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த கல் மாதிரி இருந்தது. அத்தனை வருஷத்தில் அவள் என்னைத் தொட்டதில்லை. சித்திரையில் சால்வையும், ஊர்ச் சுவரெல்லாம் முதுகும் எதற்கு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ரொட்டி ஆறிப் போச்சு," என்றாள். "நீ ஆறல."

"என்னம்மா?"

"நெருப்பா கொதிக்கிறியே. இந்தச் சூட்ட வச்சிக்கினு தெரு தெருவா ஓடிக்கினு கீறியா? பனியன கழட்டு. உள்ள போ."

கதவருகே மாமியார் நின்றாள், அப்போதுதான் தலைமுழுகிய ஈரப் புடவையோடு. இந்தத் தடவை சுவரைப் பார்க்கவில்லை. "தீட்டு இன்னும் கழியல. ஆம்பள எப்பிடி பிள்ளைய தொடறது? ஊர்ல இன்னா சொல்லுவாங்க?"

"ஊருக்கா குளுருது?" என்றாள் வீட்டுக்காரம்மா. "எங்கையால தொட்டா கொழந்தை வெறைச்சிடும். நீ ஈரமா நிக்கிற. பெத்தவ ஒடம்புல ரத்தமே இல்ல. இதை ஆம்பளைன்னு பாக்காத. அடுப்புன்னு பாரு."

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஆம்பளை என்று நம்புவதைவிட அடுப்பு என்று நம்புவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். வழிவிட்டாள்.

சுவரோரமாக உட்காரவைத்தார்கள். குழந்தையின் துணியைப் பிரித்து, வெறும் நெஞ்சில் அப்படியே சாய்த்து, மனைவியின் நூல் புடவையால் எங்கள் இருவரையும் சேர்த்துச் சுற்றினார்கள். ஈரத்துணியை மார்பில் போட்ட மாதிரி இருந்தது. அது என் குழந்தை என்று மூளைக்கு எட்டியதும் என் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் குழந்தை விழுந்துவிடுமோ என்று அதற்கும் பயம்.

கொஞ்ச நேரம் போயிற்று. மூச்சு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கே மூச்சு நிதானமாகிவிட்டது. வீட்டுக்காரம்மா என் தோளைப் புறங்கையால் தொட்டாள்.

"அடுப்பு எறங்குது," என்றாள். பிறகு சாதாரணமாக, "ஆமா, உங்க மொதலாளி வீட்டுலேர்ந்து ஆள் வந்திருந்தான். மெட்ராஸுக்குப் போன சரக்குல பூச்சி வுழுந்துட்டுதாம். யார் பாத்து அனுப்பினதுன்னு கேக்கறாங்களாம்."

"எப்ப வந்தான்? நான் அனுப்பல. மேஸ்திரிதான்..."

உச்சந்தலை வரைக்கும் எனக்குச் சூடு குபீரென்று ஏறியது. அவள் மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

"ம். இப்ப சரி. யாரும் வர்ல. ஒக்காரு."

இப்படியே அடுப்பு தணியத் தணிய அவள் விறகு போட்டாள். என் மாமனார் கலவையில் நிலத்தை விற்றுவிட்டு எங்களோடேயே தங்க வருகிறார் என்றாள். கட்டிலுக்கடியில் ஏதோ நெளிந்தது, பாம்போ கயிறோ என்றாள். மூன்றாவது பொய்யிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் ஒவ்வொன்றுக்கும் பயந்தேன். பொய் என்று தெரிந்தே பயப்படுவதற்குத் தனியாக ஒரு பிறவி வேண்டும். பிள்ளை பெற்றதிலிருந்து சிரிக்காத என் மனைவி, பாம்புக்கு நான் காலைத் தூக்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்தவள் புடவைக்குள் கையை விட்டாள். விட்டபடி அசையாமல் இருந்தாள். எனக்கு அடுப்பு, விறகு எல்லாம் மறந்து போயிற்று.

"என்ன?" என்றேன்.

"கால் சுடுது," என்றாள். "ரெண்டும் சுடுது."

குழந்தை தலையை அசைத்தது. என் நெஞ்சில் வாயை வைத்துத் தேடியது. இடப்பக்கம் தேடியது, வலப்பக்கம் தேடியது. அதன் தகப்பனிடம் எதிர்பார்த்தது எதுவும் கிடைக்காது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டு, வாயைத் திறந்து அழுதது. பிறந்ததிலிருந்து அப்படி அழுததில்லை. தெருவில் போன ஆள் நின்று கேட்கிற அழுகை. மாமியார் அதைக் கேட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "அழுவட்டும்," என்றாள். "நல்லா அழுவட்டும்."

மனைவி எடுத்துப் பால் கொடுத்தாள். குடித்தது. குடித்ததும் மறுபடி என் நெஞ்சுக்கே வந்து சேர்ந்தது. வெளியே பனி விலகி, எதிர்வீட்டுக் கூரை தெரிய ஆரம்பித்தபோது கரண்டு வந்தது. செம்புக் கிண்ணம் மெதுவாகச் சிவந்தது. வீட்டுக்காரம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எட்டிப் போய் அதை அணைத்தாள்.

"ரெண்டு அடுப்பு எதுக்கு?"

போகிற வழியில் கொடியில் கிடந்த குழந்தைத் துணிகளைத் தொட்டுப் பார்த்தாள். பனியில் ஒன்றும் காயவில்லை. இரண்டை உருவி, உதறி, என் தோளுக்கு ஒன்றாக விரித்துப் போட்டாள்.

"ஆடாம ஒக்காரு," என்றாள்.